விலாவிலிருந்து ஒரு மூக்கு

என்னுடைய மூன்று புத்தகங்களின் பின்னட்டையிலும் ஒரே புகைப்படம்தான். வலது கை ஆள்காட்டி விரலைக் கன்னத்தில் ஊன்றி, தலையைச் சற்றே சாய்த்து, தொலைவில் எதையோ நோக்கிக்கொண்டிருப்பேன். கல்லூரி விழாக்களில் என்னை அறிமுகம் செய்கிறவர்கள் அந்த விரலைப் பற்றி நாலு வார்த்தை பேசாமல் மைக்கை விடமாட்டார்கள். ஆழ்ந்த சிந்தனை, சமூக அக்கறை என்றெல்லாம் போகும். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வேன்.

உண்மை என்னவென்றால், அந்தப் படம் எடுக்கும்போது நான் எதையும் சிந்திக்கவில்லை. மூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். கன்னத்தை விரலால் காதுப் பக்கமாக இழுத்துப் பிடித்தால்தான் என் வலது நாசி திறக்கும். விரலை எடுத்தால் ஈரத்துணி ஒட்டிக்கொள்வதுபோல மூடிக்கொள்ளும். இடது நாசி அதைவிட மோசம். அது இழுத்துப் பிடித்தாலும் திறக்காது.

இதற்குக் காரணம் யார் என்று தேடிப் போக வேண்டியதில்லை. என் தங்கை பூங்கொடியின் கணவர் தங்கவேலு நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். ஓர் ஆயுத பூசைக்கு என்னை அங்கே அழைத்து, "மச்சான், நம்ம பசங்க சிரிக்கற மாதிரி நாலு வார்த்த பேசுங்க" என்றார். புதிதாகப் பெயின்ட் அடித்த லாரியின் பின்னால் நின்று பேசினேன். யாரும் சிரிக்கவில்லை. அழுத்தம் கொடுப்பதற்காக லாரியை ஓங்கித் தட்டினேன். கொக்கி மாட்டாமல் சாத்தி வைத்திருந்த பின்கதவு இறங்கி என் மூக்கின் மேல் விழுந்தது. அன்றைக்கு என் பேச்சுக்குக் கிடைத்த ஒரே சத்தமான எதிர்வினை அதுதான்.

ஆஸ்பத்திரி ஐந்து நிமிட தூரத்தில் இருந்தது. நான் போகவில்லை. எங்கள் பக்கத்தில் கையோ காலோ பிசகினால் முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பற்றுப் போட்டு, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுகிற வழக்கம் உண்டு. ஊரோ முட்டைக்குப் பேர்போன ஊர். அதற்கு முந்திய மாதம்தான் இந்த முட்டைப் பற்றைக் கிண்டல் செய்து பத்திரிகையில் கட்டுரை எழுதியிருந்தேன். அந்தக் கட்டுரையின் ஆசிரியர் வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, இரண்டு முட்டையை உடைத்து, தன் மூக்குக்குத் தானே பற்றுப் போட்டுக்கொண்டார். யாரும் வற்புறுத்தவில்லை. மூங்கில் பத்தைக்குப் பதில் ஐஸ்கிரீம் குச்சி. பற்று நன்றாக இறுகியது. என் சொந்த மூக்கைவிட எடுப்பாகக்கூட இருந்தது.

அதன் உள்ளே நடந்ததைப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். மூக்கின் நடுச்சுவர் குருத்தெலும்பால் ஆனது. அடிபட்டபோது அதன் மேல்தோலுக்கும் குருத்தெலும்புக்கும் இடையில் ரத்தம் கட்டிக்கொண்டது. குருத்தெலும்புக்கு உணவு அந்தத் தோல் வழியாகத்தான் போக வேண்டும். இடையில் ரத்தம் நின்றால் பட்டினி. அன்றைக்கே ஒரு மருத்துவர் அந்த ரத்தத்தை வடித்திருந்தால் வேலை முடிந்திருக்கும். நான் அதன் மேல் ஊத்தப்பம் ஊற்றி மூடி வைத்தேன். பற்றைப் பெயர்த்து எடுத்த சில வாரங்களில் மூக்கின் நடுத்தண்டு குதிரைச் சேணம்போலக் குழிந்துவிட்டது. "வயசானா அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டேன். அப்போது எனக்கு நாற்பதுகூட நெருங்கவில்லை.

பிறகு விரலோடு வாழப் பழகினேன். இரவில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடிதான் தூக்கம். படுத்தால் மூச்சு நின்று நின்று வரும். நிற்கும்போதெல்லாம் மனைவி சாந்தி முழங்கையால் ஓர் இடி கொடுப்பாள். அவள் தூங்கினாளா என்று நான் கேட்டதில்லை. கேட்க எனக்கு விழிப்பு வந்தால்தானே.

ஒருநாள் ஒரு கல்லூரி விழாவில் வலது கையில் மைக்கும் இடது கையில் அவர்கள் கொடுத்த நினைவுப் பரிசுமாக நின்றேன். பேசும்போது வாய்க்கும் வேலை. மூச்சுக்கென்று விரல் எதுவும் மிச்சமில்லை. இரண்டாம் நிமிடத்தில் கண் இருண்டு, மீன்போல வாயைத் திறந்து திறந்து மூடினேன். மாணவர்கள் அதை நடிப்பு என்று நினைத்து விசிலடித்தார்கள். என் வாழ்நாளில் அப்படியொரு கைதட்டல் வாங்கியதில்லை. முதல் வரிசையில் சாந்தி மட்டும் கை தட்டாமல் எழுந்து நின்றிருந்தாள். மறுநாள் காலை சேலம் பஸ்ஸில் என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள். நான் தப்பிக்க வழியில்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம் ஒரு விதத்தில் சமத்துவபுரம். அங்கே எல்லாரும் வாயால்தான் மூச்சு விடுகிறார்கள். எதிரில் இருந்த ஒரு பெரியவர் என்னை நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பல்லு வலிங்களா?" என்றார். விரல் கன்னத்தில் இருந்தது. பின்னட்டைப் படத்தைச் சரியாகப் படித்த முதல் வாசகர் அவர்தான்.

மருத்துவர் நாற்பதைத் தாண்டிய பெண்மணி. அவசரமில்லாத குரல். உள்ளே போய் உட்கார்ந்ததும் என் விரலைப் பார்த்தார்.

"எடுங்க. இப்ப மூச்சு இழுங்க."

இழுத்தேன். நாசி மூடிக்கொண்டது.

"இப்ப மறுபடி வெச்சு இழுங்க."

காற்று வந்தது.

"இத யார் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாங்க?"

"நானே கண்டுபிடிச்சதுங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"இது நாங்க பண்ற டெஸ்ட்டுங்க. கன்னத்த இழுத்தா மூச்சு வருதுன்னா மூக்கோட பக்கச்சுவர் பலமில்லாம உள்ள விழுதுன்னு அர்த்தம். பல வருஷமா உங்களுக்கு நீங்களே டெஸ்ட் எடுத்துட்டு இருந்திருக்கீங்க. ரிசல்ட் வாங்கத்தான் வரல."

சாந்தி அந்த இடத்தில் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

அடுத்து பளபளப்பான ஓர் எஃகுத் தகட்டை மூக்கின் கீழே பிடித்து மூச்சை விடச் சொன்னார். ஆரோக்கியமான மூக்கென்றால் குளிர்ந்த தகட்டில் இரண்டு பக்கமும் ஆவி படியும், கண்ணாடியில் ஊதினால் படிவதுபோல. எனக்கு வலது பக்கம் ஒரு புளியங்கொட்டை அளவுக்குப் படிந்தது. இடது பக்கம் தகடு துடைத்து வைத்த மாதிரி இருந்தது. அந்தப் புளியங்கொட்டையைக் காட்டி, "இவ்வளவுதாங்க உங்க மூச்சு" என்றார். இத்தனை வருடம் இதை வைத்துக்கொண்டா மூன்று புத்தகம் எழுதினோம் என்று எனக்கே பாவமாக இருந்தது.

பிறகு நுனியில் விளக்கு வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டுத் திரையில் காட்டினார். என் மூக்குக்குள் நான் போனதே இல்லை. பாழடைந்த குகைக்கோயில் மாதிரி இருந்தது.

"பந்தல்ல நடுக்கால் போயிருச்சுன்னா என்ன ஆகும்? கூரை இறங்கும், ரெண்டு பக்கத் துணியும் உள்ள வாங்கும். உங்க மூக்கு அப்படித்தான் நிக்குது. புதுசா கால் நட்டு, துணிய விரிச்சுக் கட்டணும். அதுக்குக் குருத்தெலும்பு வேணும்."

"எங்கிருந்துங்க?"

"பொதுவா மூக்குக்குள்ள நடுச்சுவர்லயே கொஞ்சம் எடுத்துக்குவோம். உங்களுக்கு அங்க கையிருப்பு இல்ல. காதுல எடுக்கலாம். ஆனா அது மெல்லிசு, வளைஞ்சது. பக்கச்சுவருக்கு முட்டுக் கொடுக்க அது போதும். நடுக்கால் நிக்கணும்னா கெட்டியா வேணும். விலாவுலதான் எடுக்கணும்."

விலா எலும்பு நெஞ்சின் நடுவெலும்போடு சேரும் இடத்தில் கொஞ்ச தூரத்துக்குக் குருத்தெலும்பாக இருக்குமாம். அதில் ஒரு துண்டு. அதற்கு அந்தப் பக்கம் நுரையீரல் என்பதை அவர் சொல்லாமலே நான் நினைவுபடுத்திக்கொண்டேன்.

எங்கள் பின்னாலேயே தன் காரில் வந்து சேர்ந்திருந்த தங்கவேலுவுக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. "ஏனுங்க டாக்டரம்மா, இருக்கற எடத்துல பிச்சு இல்லாத எடத்துல வெக்கறதுங்களா? எங்க பட்டறைல அப்படிப் பண்ணமாட்டமுங்க. சிலிகான்ல ஒரு பட்டை வெச்சு உட்டா முடிஞ்சு போகாதுங்களா?"

"லாரிக்கு உயிர் இல்லீங்க" என்றார் மருத்துவர். "அந்நியப் பொருள் மூக்குல இருந்தா சில பேருக்கு சீழ் பிடிக்கும், தோலத் தள்ளிட்டு வெளிய வரும். சொந்தக் குருத்தெலும்புன்னா உடம்பு ஏத்துக்கும்."

தங்கவேலு கொஞ்சம் யோசித்தார். "சொந்தம்னாலே பிரச்சனைதானுங்களே" என்றார். அவர் என் தங்கையைக் கட்டியவர்.

இன்னொரு தடை இருந்தது, வயது. வயதாக ஆக விலாக் குருத்தெலும்பு சுண்ணாம்பு ஏறி எலும்பாகவே மாறிவிடுமாம். அப்படியிருந்தால் சீவி வடிவம் கொடுக்க முடியாது. அதற்காக ஸ்கேன். அந்த முடிவுக்குக் காத்திருந்த நாட்களில் முதல்முறையாக என் விலாவைப் பற்றி அன்போடு நினைத்தேன். ஐம்பது வயது மனிதனிடம் எங்காவது இளமை மிச்சமிருக்கிறதா என்று கிடத்தி நெஞ்சைப் படமெடுத்துத் தேடினார்கள். ஓரமெல்லாம் இறுகிவிட்டது, நடுவில் ஒரு பக்கம் மட்டும் நன்றாக இருக்கிறது என்று வந்தது. ஒரு துண்டுக்குத்தான் இளமை. அதையும் மூக்குக்கு எடுத்துக்கொள்ளப் போகிறார்கள்.

காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஓர் இளைஞர் போன் செய்தார். மூக்கில் அறுவை என்றால் அழகுக்காகச் செய்வதா, மூச்சுக்காகச் செய்வதா என்று அவருக்குத் தெரிய வேண்டுமாம். அழகுக்கு என்றால் பணம் வராது. "என் போட்டோ அனுப்பட்டுங்களா, பாத்துட்டு முடிவு பண்றீங்களா?" என்றேன். அனுப்பினேன். மறுப்பே சொல்லாமல் ஒப்புதல் வந்தது. அதில் எனக்கு இன்னமும் வருத்தம் உண்டு. ஒப்புதல் வந்தபிறகும் எங்கள் கையிலிருந்து போனது கொஞ்சமில்லை. சாந்தி அதற்காகத் தன் ஏலச்சீட்டை முன்னதாகவே எடுத்திருந்தாள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அறுவைக்கு முதல் நாள் மாலை, மருத்துவமனை ஜன்னலில் இருந்து ஏற்காட்டு மலை தெரிந்தது.  நகைச்சுவை எழுதுகிறவனுக்குப் பயம் வந்தால் அதைச் சொல்ல வழியில்லை. சொன்னால் சிரிப்பார்கள். சாந்தி ஆரஞ்சை உரித்துச் சுளையாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒருவேள சரியாகலீன்னா?" என்றேன்.

"சரியாகலீன்னா பழையபடி விரல வெச்சுக்கங்க. உங்க விரலு எங்கியும் போயிராது" என்றாள். பிறகு, "இல்லீன்னா என்ற விரல வெச்சுக்கறனுங்க" என்று ஆரஞ்சைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் மயக்க மருந்து கொடுக்க வந்தவரிடம் ஒரு நகைச்சுவை சொல்ல ஆரம்பித்தேன். முடிவு வருவதற்குள் நான் போய்விட்டேன். அந்த முடிவு எனக்கும் மறந்துபோயிற்று.

கண் விழித்தபோது மூக்கு இருந்த இடத்தில் ஒரு பெரிய கட்டு. ஆனால் வலித்தது மூக்கு இல்லை, வலது விலா. மூக்கைத் திருத்தப் போனவனை யாரோ நெஞ்சில் மாடு முட்டியதுபோல அடித்துப் போட்டிருந்தார்கள். மூக்கினுள் சிலிகான் தகடுகள் வைத்துத் தைத்திருந்தார்கள், நடுச்சுவர் நேராக ஆறுவதற்கு. அதனால் மூச்சு முழுக்க வாய்வழி. நாக்கு உளுந்தவடைபோல உலர்ந்து கிடந்தது. சாந்தி ஈரத்துணியை உதட்டில் ஒற்றிக்கொண்டே இருந்தாள்.

உள்ளே செய்ததை மருத்துவர் அடுத்த நாள் வந்து சொன்னார். விலாவிலிருந்து எடுத்த துண்டை மெல்லிய பட்டைகளாகச் சீவினார்களாம். குருத்தெலும்பைச் சீவினால் சற்று நேரத்தில் தன் இஷ்டத்துக்கு வளையும். அதனால் உப்புநீரில் போட்டு, எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்து, வளையாத நடுப்பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று நடுக்கால். நடுச்சுவருக்கும் பக்கக் குருத்தெலும்புக்கும் நடுவில் இரண்டு பக்கமும் தீக்குச்சி கனத்தில் ஒவ்வொரு பட்டை, அந்தக் குறுகிய வழியை விரித்துப் பிடிக்க. குழிந்த தண்டின் மேல் ஒன்று. காதின் பின்பக்கத்திலிருந்து எடுத்த வளைந்த துண்டு இரண்டாகி, இரண்டு பக்கச்சுவருக்கும் முட்டு.

"இனி இது பிடிக்கணும். இப்ப வெச்ச துண்டுகளுக்குச் சொந்தமா ரத்த ஓட்டம் கெடையாது. சுத்தியுள்ள சதை மெதுவாப் பிடிச்சுக்கும். அதுவரைக்கும் மூக்க சிந்தக் கூடாது. தும்மல் வந்தா வாயத் தொறந்து தும்முங்க. கண்ணாடி மூக்குமேல உக்காரக் கூடாது. மூணு மாசத்துக்கு மூக்குல ஒரு சின்ன இடிகூடப் படக் கூடாது. பந்து, பஸ் கம்பி, குழந்தைங்க தலை, மூணும் பக்கத்துல வேண்டாம். இன்னொரு தடவ சரிஞ்சா எடுத்து வெக்க உங்ககிட்ட நல்ல இடம் இல்ல."

சிரிக்கக் கூடாது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. அதை விலாவே சொல்லிவிட்டது. பிழைப்பே சிரிப்பாக இருந்தவனுக்குச் சிரித்தால் தையல் பிடுங்கிக்கொண்டு உயிர் போனது. தங்கவேலு என்னை உற்சாகப்படுத்துவதாக முடிவு செய்து தினமும் பட்டறைக் கதைகளோடு வந்தார். அவர் கதைகளுக்கு வெளியில் யாரும் சிரிப்பதில்லை. எனக்கோ அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் சிரிப்பு வந்தது.

"மச்சான், இதக் கேளுங்க…"

"வேண்டாம் மாப்ள. கையெடுத்துக் கும்படறேன்."

"அட, சின்னதுதானுங்க."

சாந்தி அவரை வராந்தாவுக்கு அனுப்பிவைத்தாள். அவர் அங்கே செக்யூரிட்டியிடம் சொன்னார். அந்த மனிதர் சிரிக்கவில்லை என்பதை ஜன்னல் வழியே பார்த்தேன். அதற்கும் சிரிப்பு வந்து, விலாவைப் பிடித்துக்கொண்டேன்.

ஆனால் அந்தத் தங்கவேலுதான் என் மூக்குக்கண்ணாடிக்கு எலாஸ்டிக் மாட்டி, நெற்றியிலிருந்து தொங்குகிற மாதிரி கட்டிக்கொடுத்தார், நான் படிப்பதற்காக. கண்ணாடி மூக்கைத் தொடாமல் முகத்துக்கு முன்னால் ஊசலாடியது. பூங்கொடி ஒவ்வொரு நாளும் நாமக்கல்லில் இருந்து மெல்லத் தேவையில்லாத கஞ்சியைத் தூக்குவாளியில் கொடுத்து அனுப்பினாள். ஒருநாள் தானே வந்தாள், தன் மகள் கனிஷ்காவையும் கூட்டிக்கொண்டு.

கனிஷ்காவுக்கு ஐந்து வயது. நெடுநாள் கழித்துப் பிறந்த ஒரே குழந்தை. அது ஒரு குஷானப் பேரரசரின் பெயர், அவருக்குத் தாடியெல்லாம் இருந்தது என்று பெயர் வைத்த அன்றே சொன்னேன். எண் கணிதம் பார்த்தவர் மாற்ற ஒப்பவில்லை. பேரரசர் என் கட்டிலைச் சுற்றி வந்தார். காதுக்குப் பின்னாலிருந்த பஞ்சைப் பார்த்தார்.

"மாமா, உன்ற காத வெட்டி மூக்குல வெச்சுட்டாங்களா?"

"கொஞ்சூண்டு, கண்ணு."

முகம் மாறிவிட்டது. "அப்ப எனக்குக் காது குத்தறப்ப எடுக்கறத யாரு மூக்குல வெப்பாங்க?"

 எனக்கு விலா வலித்தது. சிரிப்பினால் மட்டும் இல்லை. கனிஷ்காவின் காதுகுத்து என்பதையே நான் மறந்துபோயிருந்தேன்.

எங்களில் காதுகுத்து என்றால் குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். பூங்கொடிக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவன்தான். தங்கவேலு வீட்டுக் குலதெய்வம் ஜேடர்பாளையத்துக்குப் பக்கம். அங்கே போய்ப் பூக்கேட்டு, அதாவது இலையில் மடித்த வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுக்கச் சொல்லி, வெள்ளை வந்து நாள் குறித்திருந்தார்கள். அது என் மூன்று மாதக் கெடுவுக்குள் வந்தது. முதலில் மொட்டை, பிறகு காது. மொட்டையடித்த ஐந்து வயதுத் தலை, மாமன் மடியில், மூக்குக்கு நேர் கீழே. ஊசி பட்டதும் அது எந்தப் பக்கம் துள்ளும் என்று மருத்துவர் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உள்தகடுகளை எடுத்த அன்று வேறு எதையும் நினைக்கத் தோன்றவில்லை. சளியும் ரத்தக்கட்டியுமாக ஏதேதோ வந்தபிறகு, மருத்துவர் "இழுங்க" என்றார். விரல் பழக்கத்தில் கன்னத்துக்குப் போனது. அவர் அதைப் பிடித்து இறக்கிவிட்டார். இழுத்தேன். காற்று குளிர்ச்சியாக இருக்கும் என்பதை மறந்தே போயிருந்தேன். அது உள்ளே போய்க்கொண்டே இருந்தது, நிற்கவே இல்லை. கண்ணில் நீர் வந்தது. "வீக்கம் இருக்கு, மறுபடி அடைக்கும், தொறக்கும். பொறுமையா இருங்க" என்றார். திரும்பும் வழியில் தங்கவேலுவின் கார் ஜன்னலை இறக்கிவிட்டு, பல வருடத்தில் முதல் நீண்ட மூச்சைப் புதுச்சத்திரத்தில் ஒரு கோழிப்பண்ணைக்கு நேர் எதிராக இழுத்தேன். இத்தனை வருடம் அடைத்து வைத்திருந்ததற்கும் ஒரு நியாயம் இருந்திருக்கிறது.

சில வாரம் கழித்து ஒரு மதியம் தலையணை அடுக்காமல் படுத்துத் தூங்கினேன். விழித்தபோது சாந்தி என் மூக்கின் கீழே புறங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன?"

"சத்தமே வரலீங்க. அதான் பாத்தேன்" என்றாள்.

காதுகுத்தைப் பற்றிய பேச்சு இதற்குப் பிறகுதான் வீட்டில் சூடு பிடித்தது. சாந்தி, நான் மடியில் வைக்கவே கூடாது என்றாள். பூங்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தங்கவேலுவின் பெரியம்மா ஜேடர்பாளையத்திலிருந்து போனில் சத்தம் போட்டார். "சாமி குடுத்த நாள மாத்தறதா? மாமன் மடி இல்லாம காது குத்துனா அது என்னங்கடி, ஊசி போடறதா?" தள்ளி வைத்தால் ஒற்றைப்படை வயது பார்த்து ஏழு வயதுக்குப் போகும். பூங்கொடி அந்தக் குழந்தைக்காகப் பட்டதெல்லாம் எனக்குத் தெரியும். என்னிடம் இருப்பது ஒரு மூக்கு, அதுவும் கடைசி மூக்கு. அவளிடம் இருப்பது ஒரு குழந்தை. இரண்டும் ஒரே மடியில் சந்திக்க வேண்டியிருந்தது.

மருத்துவரைக் கேட்டேன். "உங்க மூக்கு, உங்க மருமக. நான் இடி படக் கூடாதுன்னுதான் சொல்லுவேன்" என்றார். "எப்படிப் படாமப் பாக்கறதுங்கறது எங்க படிப்புல இல்ல."

அது தங்கவேலுவின் படிப்பில் இருந்தது. காதுகுத்தன்று காலை, கோயில் வாசலில், வேட்டி சட்டையும் மாலையுமாக நான் சீர்த்தட்டோடு நின்றபோது, காரின் டிக்கியைத் திறந்து முழுமுகத் தலைக்கவசம் ஒன்றை எடுத்தார். புல்லட் ஓட்டும்போது அவர் போடுவது.

"மாட்டுங்க மச்சான். இனி அவ தலைல தேங்கா ஒடச்சாலும் உங்க மூக்குக்கு ஒண்ணும் ஆகாது."

மாட்டிக்கொண்டு, மூக்கை ஏதாவது தொடுகிறதா என்று பார்த்தேன். தொடவில்லை. சாந்தி விலாப் பக்கம் சட்டைக்குள் சின்னத் தலையணை ஒன்றைச் செருகினாள். பந்தலில் நான் போய் உட்கார்ந்ததும் மேளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். மாலை, தலைக்கவசம், சீர்த்தட்டு. போட்டோ எடுப்பவர், "சார், கண்ணாடியையாவது தூக்குங்க, மூஞ்சி தெரியோணும்" என்றார். "மூஞ்சி தெரியாம இருக்கத்தாம்ப்பா இத்தன செலவு" என்றேன், உள்ளேயிருந்து. யாருக்கும் கேட்கவில்லை.

கனிஷ்கா பளபளக்கும் மொட்டையும் சந்தனமுமாக வந்தாள். என்னைப் பார்த்ததும் பயம் போய்விட்டது. மடியில் ஏறித் திரும்பி, தலைக்கவசத்தின் கண்ணாடியில் தன் மொட்டையைப் பார்த்துச் சிரித்தாள்.

"மாமா, நீ வண்டில வந்தயா?"

"ஆமா கண்ணு."

"என்ற காதுல எடுக்கமாட்டாங்கல்ல?"

"ஓட்ட மட்டுந்தான். எடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல."

ஆசாரி அவளைத் திருப்பி உட்கார வைத்தார். நான் இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டேன். கண்ணாடி இறங்கியே இருந்தது. உள்ளே என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. ஜேடர்பாளையத்துக் காலைக் குளிர் கண்ணாடியில் இருந்தது. மூச்சை விட்டேன்.

கண்ணாடியில் இரண்டு வட்டம் படிந்தது. வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. இரண்டும் ஒரே அளவு. மங்கி மறைந்தன. மறுபடி விட்டேன். மறுபடி இரண்டு. மருத்துவரின் எஃகுத் தகட்டில் அந்தப் புளியங்கொட்டை ஞாபகம் வந்தது. துடைத்துவிட்டதுபோல இருந்த அந்த இடது பக்கமும் ஞாபகம் வந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, விரல் எதுவும் கன்னத்தில் இல்லாமல், இழுத்து விட்டேன். இரண்டு வட்டமும் பெரிதாகி நடுவில் வந்து ஒன்றையொன்று தொட்டன. சாந்தியைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது. கண்ணாடி முழுக்க வெளுத்துவிட்டதால் சாந்தி எங்கே நிற்கிறாள் என்று தெரியவில்லை.

அந்த வெண்மைக்கு வெளியே ஆசாரி தன் வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கிறார். ஒரு காது முடிந்தது எனக்குத் தெரியாது. இரண்டாவது முடிந்ததும் தெரியாது. திடீரென்று மேளம் வெடித்தது. பெண்கள் குலவை போட்டார்கள். மூச்சில் லயித்திருந்த நான் திடுக்கிட்டுத் தலையை முன்னால் சாய்த்தேன். முகம் முழுக்க மூடிய கனமான தலைக்கவசம் கனிஷ்காவின் மொட்டையில் 'ணங்' என்று மோதியது. அதுவரை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்த குழந்தை, ஜேடர்பாளையத்துத் தடுப்பணைக்கே கேட்கிற மாதிரி வீறிட்டாள்.

மூக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. மருத்துவர் பிறகு பார்த்துவிட்டு, நன்றாகப் பிடித்திருக்கிறது, நேராக இருக்கிறது என்றார். புதுப் பதிப்புக்கு விரல் இல்லாத படம் ஒன்று எடுத்துக்கொடுத்தேன். தலையணைகளை சாந்தி உறை மாற்றிப் பீரோ மேல் வைத்துவிட்டாள்.

காதுகுத்தன்று மதியம் கிடாய் விருந்துப் பந்தியில், தங்கவேலுவின் பெரியம்மா கனிஷ்காவைப் பக்கத்தில் இருத்தி, தலையில் புடைத்திருந்த இடத்தில் எண்ணெய் தடவிக்கொண்டே, "என்ன சாமி, காது குத்துனது ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டார்.

பேரரசர் எலும்பைக் கடித்தபடி சொன்னார்: "காது வலிக்கல. மாமன் முட்டுனதுதான் வலிச்சுது."